பாத்து வைக்காத ஸ்டென்ட்: பினாங்கில் அப்பாவுக்கு ஷாக்வேவ் சிகிச்சை

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கதை. டாக்டருக்கும் கேத் லேப் (இதயக் குழாய்க்குள் வேலை பார்க்கும் அறை) ஆட்களுக்கும் ஐந்துக்கு ஐந்து. குழாய்க்குள் படிந்த கல்லை உடைக்கிற அந்த ஷாக்வேவ் பலூனுக்கு நாலு. பில்லிங் கவுண்டருக்கு ஒன்று, அதுவும் அங்கே தண்ணீர் மெஷின் ஒழுங்காக வேலை செய்ததால். ஆஸ்பத்திரி தீவுப் பக்கம், தனியார். பெயர் சொல்லமாட்டேன், ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன், திட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் நல்லவர்கள்.

நான் பாயான் லெப்பாசில் ஒரு பேக்டரியில் கியூசி, அதாவது தரச் சோதனை, பார்க்கிறவன். காலை ஏழு மணிக்குப் போய் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் இதே வேலைதான்: அளக்க வேண்டும், எழுத வேண்டும், சரியில்லை என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். அளக்காமல் ஒரு சாமானும் வாசலைத் தாண்டாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அப்பாவுக்கு எழுபத்தொன்று. பிறை துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருபது வருடமாக இருக்கிறது, ரத்தக்கொதிப்பு அதற்கு முன்னாலிருந்தே. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, வேறொரு ஆஸ்பத்திரியில், இதயத்தின் முன்பக்கக் குழாயில் ஒரு ஸ்டென்ட், குழாயைத் திறந்து பிடிக்கிற கம்பி வலை, வைத்தார்கள். மூன்று மில்லிமீட்டர் அளவு. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். டிஸ்சார்ஜ் தாளில் ஒரே வரி: நல்ல பலன். நாங்களும் நம்பினோம், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தோம்.

போன வருடக் கடைசியில் அதே தண்ணீர்மலையில்தான் மாட்டிக்கொண்டார். அந்தக் கோயிலுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படி. முன்பெல்லாம் இரண்டு இடத்தில் நின்று மேலே போய்விடுவார். அன்றைக்கு முதல் வளைவுக்கே போக முடியவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சில் கை வைத்து நிற்கிறார், முகமெல்லாம் வேர்வை. “கேஸ்தான்டா, காலையில சாப்பிட்ட தோசை” என்றார். நான் முப்பது வருடமாக அவர் தோசை சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், அது தோசை இல்லை.

இந்த முறை வேறு டாக்டரிடம் போனோம். காத்திருக்கும் இடத்தில் பாதி நாற்காலியில் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்த குடும்பங்கள். சூட்கேசோடு, பெரிய சோற்று டப்பாவோடு, ஏதோ கல்யாணத்துக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு மக்சிக் (மலாயில் அத்தை) எங்கள் அம்மாவுக்கு ஒரு கேக் துண்டு கொடுத்தார், அம்மா பதிலுக்கு முறுக்கு கொடுத்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதில் எனக்குக் குறையில்லை, ஏனென்றால் எங்கள் முறை வந்தபோது டாக்டர் அரை மணி நேரம் எங்களோடு உட்கார்ந்தார்.

ஆஞ்சியோ செய்தார்கள், அதோடு நிற்காமல் குழாய்க்குள்ளேயே ஒரு மெல்லிய ஒயர் விட்டு ஒளியால் படம் எடுத்தார்கள். ஓசிடி என்று பெயர். ஆஞ்சியோ என்பது சாயம் விட்டு வெளியிலிருந்து எக்ஸ்ரேயில் பார்க்கும் நிழல் மாதிரி, குழாயின் ஓட்டம்தான் தெரியும். ஓசிடியில் குழாயை முள்ளங்கி மாதிரி வட்டம் வட்டமாக நறுக்கிப் பார்க்கலாம், ஸ்டென்ட்டின் ஒவ்வொரு கம்பியும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். டாக்டர் சீனர், அப்பாவோடு மலாயில்தான் பேசினார். திரையில் ஒரு இடத்தை விரலால் சுற்றிக் காட்டி, “இங்கே பாத்து, இங்கேயும் பாத்து, சுற்றிலும் பாத்து” என்றார். மலாயில் பாத்து என்றால் கல். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “அன்னைக்கே பாத்து வெச்சிருந்தா இந்தப் பாத்து தெரிஞ்சிருக்கும்லடா.”

மொத்த விமர்சனமும் அந்த ஒரு வாக்கியம்தான். மீதியை நான் நீட்டி எழுதுகிறேன்.

விஷயம் என்னவென்றால், குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து கல்லாகிவிடுகிறது. வயதானவர்களுக்கும் இனிப்புநீர்காரர்களுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் இது அதிகம். அம்மாவுக்கு உடனே சந்தேகம், அப்பா போடுகிற வெற்றிலைச் சுண்ணாம்பாலா என்று. இல்லையாம். சுவருக்குள் பல வருடமாகப் புண்ணாகி ஆறி, ஆறிப் புண்ணாகி வருகிற இடத்தில் உடம்பே எலும்பு வளர்க்கிற மாதிரி வளர்த்துவிடுகிற சங்கதி அது. வெற்றிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றதும் அப்பா முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. வாய்ப்புற்றுக்குச் சம்பந்தம் உண்டு என்று டாக்டர் அடுத்த வாக்கியத்திலேயே சொல்லி அதை அணைத்தார்.

கல் சுற்றிலும் வளையமாக இருந்தால், அதற்குள் ஸ்டென்ட் வைத்துப் பலூனை ஊதினாலும் விரியாது. சிமெண்டுக் குழாய்க்குள் குடையை விரிக்கிற கதைதான். படம் பார்க்கிறவர்கள் கணக்குப் போட ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: கல் பாதி வட்டத்துக்கு மேல் சுற்றியிருக்கிறதா, அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பா, ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீளமா. மூன்றும் இருந்தால் ஸ்டென்ட் சரியாக விரியாமல் போகும் ஆபத்து அதிகம், முதலில் கல்லை உடைத்தாக வேண்டும். அப்பாவுக்கு மூன்றுமே இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் யாரும் உள்ளே பார்க்கவில்லை. நிழலைப் பார்த்தார்கள், குழாய் திறந்த மாதிரி தெரிந்தது, நல்ல பலன் என்று எழுதிவிட்டார்கள்.

இப்போது என் தொழில் புத்தி வேலை செய்தது, அளவு கேட்டேன். மூன்று மில்லிமீட்டர் ஸ்டென்ட் முழுதாக விரிந்தால் உள்ளே கிட்டத்தட்ட 7 சதுர மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும். அப்பாவுக்கு இடுப்புப் பகுதி மாதிரி ஒடுங்கின இடத்தில் இருந்தது 3.1. அதாவது குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர். இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று கேட்பவர்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், ரத்தம் போகிற இடத்தில் பாதிக்கு மேல் காணோம். ஓசிடியில் அளந்தால் குறைந்தது நாலரை சதுர மில்லிமீட்டராவது வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து நல்ல குழாயின் அளவில் எண்பது சதவீதமாவது வர வேண்டும் என்பது இவர்கள் வைத்திருக்கிற கோடு. எங்கள் பேக்டரியில் இது ரிஜெக்ட். லாட் முழுவதையும் நிறுத்திவைத்து, யார் பாஸ் போட்டது என்று ஆபீசில் விசாரணை நடக்கும். சரியாக விரியாத ஸ்டென்ட்தான் பின்னால் மறுபடி அடைப்பதற்கும், அதில் ரத்தம் திடீரென்று உறைவதற்கும் முக்கியமான காரணங்களில் ஒன்று என்று இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும், புதுச் செய்தியே இல்லை. அதுதான் கோபமாக வருகிறது.

சரி, இனி என்ன செய்வது? ஸ்டென்ட்டைக் கழற்ற முடியாது, இரண்டு வருடத்தில் சதை மூடிவிட்டது. டாக்டர் சொன்ன வழிகளை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

முதல் வழி முரட்டுத்தனம். கெட்டிப் பலூனை வைத்து அழுத்தி ஊதுவது. வழக்கமான கெட்டிப் பலூன் 20 அட்மாஸ்பியர் பக்கம் தாங்கும், அதாவது கார் டயருக்கு அடிக்கிற காற்றைப் போல ஒன்பது மடங்கு. சுவிட்சர்லாந்தில் செய்கிற இரட்டைத் தோல் பலூன் ஒன்று 35 வரை போகும். அழுத்தம் ஏற ஏற விரியும், ஆனால் கல் இல்லாத மென்மையான பக்கம் கிழிந்துவிடுமோ என்ற பயமும் கூடவே ஏறும். இரண்டாவது, வைரத் தூள் ஒட்டின சின்ன உருண்டையை நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுப் பக்கம் சுழற்றிக் கல்லைத் தேய்ப்பது. இது பழைய கை, 1988-லேயே மனிதர்களுக்குச் செய்திருக்கிறார்கள், ஸ்டென்ட் வைப்பதற்கு முன்னால் என்றால் நன்றாக உதவும். ஏற்கெனவே கம்பி இருக்கிற இடத்தில் அதைச் சுழற்றினால் கம்பியையும் சேர்த்துத் தேய்க்கும், உருண்டை மாட்டிக்கொள்ளவும் கூடும், செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கை நடுங்காதவர்கள். லேசர் என்றும் ஒன்று உண்டு, அந்த மெஷின் அங்கே இல்லை.

மூன்றாவதுதான் ஷாக்வேவ். சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்து அலையால் உடைக்கிறார்களே, 1980-ல் ம்யூனிக்கில் முதன்முதலாக மனிதருக்குச் செய்தது, அதே யோசனையைச் சுருக்கி ஒரு பலூனுக்குள் வைத்திருக்கிறார்கள். பலூன் நீளம் 12 மில்லிமீட்டர், உள்ளே உப்புத் தண்ணீரும் சாயமும் கலந்த திரவம், அதற்குள் இரண்டு தீப்பொறி முனை. பலூனை 4 அட்மாஸ்பியருக்குத்தான் ஊதுகிறார்கள், கார் டயரைப் போல இரண்டு மடங்குகூட இல்லை, சும்மா சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் அளவு. நொடிக்கு ஒரு பொறி. பொறி விழும்போது திரவத்தில் குமிழி வெடித்து அலை கிளம்புகிறது. மென்மையான சதையை அலை தாண்டிப் போய்விடும், கல்லில் மோதினால் கல் விரிசல் விடும். சுவருக்குள் ஆழத்தில் இருக்கிற கல்லும் உடைகிறது, ஸ்டென்ட் கம்பிக்குப் பின்னால் இருக்கிற கல்லும் உடைகிறது, எங்களுக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பகுதி.

நான் கேட்ட கேள்வி, “எத்தனை பேருக்குச் செய்து பார்த்திருக்கிறார்கள்?” டாக்டர் மழுப்பவில்லை, அதற்காகவே ஒரு நட்சத்திரம் கூட. இன்னும் ஸ்டென்ட் வைக்காத கல் குழாய்க்கு இதைச் சோதித்த பெரிய ஆய்வு டிஸ்ரப்ட் கேட் 3, 2020-ல் வெளிவந்தது. 384 பேர். செய்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்போ மரணமோ திரும்ப அதே குழாயில் வேலை செய்ய வேண்டிய நிலையோ இல்லாதவர்கள் 92.2 சதவீதம். அதை வைத்துத்தான் 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிடுவதற்கு இன்னொரு கூட்டம் இல்லை, முன்கூட்டி வைத்த ஒரு இலக்கோடு மட்டும்தான் ஒப்பிட்டார்கள். அப்பாவைப் போல ஏற்கெனவே வைத்து விரியாத ஸ்டென்ட்டுக்கு ஆதாரம் இன்னும் மெலிது. பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்த்த க்ரஞ்ச் என்ற பதிவேட்டில் 70 பேர், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நல்லபடியாக விரிந்திருக்கிறது. எழுபது பேர் என்பது எங்கள் லைனில் ஒரு ஷிப்ட் ஆட்கள். நம்பிக்கை தருகிற எண்தான், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற எண் இல்லை. ஸ்டென்ட்டுக்குள் இதைச் செய்வது அந்த அனுமதியின் எல்லைக்கு வெளியே என்பதையும் அவரே சொன்னார், படிவத்திலும் அது இருந்தது.

வீட்டில் ஒரு ராத்திரி முழுவதும் விவாதம். பெரியம்மா மகன் கோலாலம்பூரிலிருந்து போன் போட்டு, ஐஜேஎன்னுக்கு, அதாவது தேசிய இதய ஆஸ்பத்திரிக்கு, கொண்டு வாருங்கள், அங்கேதான் 1992-லிருந்து இதயம் தவிர வேறு வேலையே இல்லை என்றார். தப்பில்லை, எங்களுக்கும் அந்த எண்ணம் இருந்தது. அப்பாதான் தீவுக்குப் பாலம் தாண்டுவதே எனக்கு அதிகம், நாலு மணி நேரக் கார்ப் பயணம் வேண்டாம் என்றுவிட்டார்.

அன்றைக்கு நடந்தது இது. மணிக்கட்டில் ஊசி, மயக்கம் கிடையாது, ஆள் முழித்தபடியே. வந்த மிஸ்ஸி (நர்ஸ்), “அங்கிள், டக் டக்குன்னு இருந்தா பயப்படாதீங்க” என்று தமிழிலேயே சொன்னாராம். பொறி ஒவ்வொன்றுக்கும் இதயம் ஒரு துடிப்பு கூடத் துடிக்கலாம், டிஸ்ரப்ட் கேட் 3-இலேயே நூற்றுக்கு 41 பேருக்கு அப்படி நடந்திருக்கிறது, பொறி நின்றதும் அதுவும் நின்றுவிடும். அப்பாவுக்கு நடந்தது. “உள்ள யாரோ மோர்ஸ் கோட் தட்டுற மாதிரி இருந்துச்சு” என்றார், துறைமுகத்து ஆள், உவமையும் அங்கிருந்துதான் வரும். பத்துப் பத்துப் பொறியாக ஆறு தவணை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பலூனைச் சுருக்கி ரத்தம் ஓட விட்டு. பிறகு கெட்டிப் பலூன் ஒரு தடவை, இந்தமுறை கொஞ்ச அழுத்தத்திலேயே அந்த இடுப்பு திறந்துகொண்டது. கடைசியாக மருந்து பூசின பலூன், ஏற்கெனவே இருக்கிற கம்பிக்குள் இன்னொரு கம்பியைத் திணிக்காமல் இருக்க.

எல்லாம் முடிந்து மறுபடி உள்ளே படம். 5.9. நான் கேட்பதற்கு முன்னாலேயே டாக்டர் அந்த எண்ணைத் தாளில் எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தார். எண்பது சதவீதக் கோட்டைத் தாண்டிவிட்டது. இருபது வருடமாகத் தாளில் எண் பார்க்கிறவன், ஒரு எண்ணைப் பார்த்துக் கண் கலங்கினது அதுதான் முதல் தடவை. கான்டீனுக்குப் போய் ஒரு கோப்பி குடித்தேன். கோப்பி மோசம்.

இனி குறைகள். பில்லைக் கட்டுகிறோம் என்று இன்சூரன்ஸ்காரர்கள் உறுதி தருகிற ஜிஎல் கடிதம் வர இரண்டு நாள். அதுவும் முதலில் வந்தது பாதிக்குத்தான். பழைய ஸ்டென்ட் சம்பந்தப்பட்டது என்பதால் ஏற்கெனவே இருந்த நோயா என்று பார்க்க வேண்டுமாம். பழைய ஸ்டென்ட் வைத்த நோய்தான் ஐயா, ஆனால் பாலிசி எடுத்தது அதற்கும் முன்னால். ஷாக்வேவ் பலூன் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுவது, அதன் விலைக்கு ஒரு பழைய மைவி கார் வாங்கலாம், அது பில்லில் என்ன பெயரில் வரும் என்று முன்கூட்டியே கேட்டேன், கவுண்டரில் இருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை, தெரிந்தவர் சாப்பிடப் போயிருந்தார், அவர் நீண்ட நேரம் சாப்பிடுகிறவர். கடைசியில் பில்லில் இரண்டு தடவை ஏறியிருந்தது. நான் வரி வரியாகப் படிக்கிறவனாக இல்லாவிட்டால் கட்டிவிட்டு வந்திருப்போம். திருத்திக் கொடுத்தார்கள், சரி, ஆனால் மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

பலூனுக்கு ஏன் ஐந்து கொடுக்கவில்லை என்று கேட்கலாம். அப்பாவுக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் ஒருவருக்கு நன்றாக நடந்தது என்பதை வைத்து மதிப்பெண் போட்டால் என் வேலைக்கே அவமானம். கல் உடைக்கிற விலை உயர்ந்த சாமான் எல்லாவற்றுக்கும் ஒரு குட்டு வைத்த ஆய்வு எக்லிப்ஸ். சுழன்று தேய்க்கிற இன்னொரு வகைக் கருவியை, அது வட்டப்பாதையில் சுற்றும், சாதாரணப் பலூன் தயாரிப்போடு 2005 பேரில் ஒப்பிட்டார்கள். 2024-ல் முடிவு வந்தது. ஒரு வருடத்தில் குழாய்ப் பிரச்சினை கருவிக்கு 11.5 சதவீதம், பலூனுக்கு 10. வித்தியாசம் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டிய அளவு. அது ஷாக்வேவைச் சோதித்த ஆய்வு இல்லை, விரியாத ஸ்டென்ட்டைப் பற்றியதும் இல்லை, பலூனாலும் முடியும் என்று டாக்டர் நினைத்த ஆட்கள்தான் அதில் சேர்ந்தார்கள். இருந்தாலும், கல் என்று கேட்டதும் விலை கூடின சாமானை எடுக்கிற கைக்கு அது ஒரு பிரேக்.

உள்ளே படம் எடுக்கிற விஷயத்துக்கு ஆதாரம் இதைவிடக் கெட்டி. கொரியாவில் சிக்கலான குழாய் உள்ள 1639 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு உள்ளே படம் பார்த்தும், இன்னொரு கூட்டத்துக்கு ஆஞ்சியோ மட்டும் பார்த்தும் ஸ்டென்ட் வைத்தார்கள். 2023-ல் வெளிவந்த அந்த முடிவில் இதய மரணம், அந்தக் குழாயால் மாரடைப்பு, மறுபடி வேலை, எல்லாம் சேர்த்து, உள்ளே படம் பார்த்த கூட்டத்தில் 7.7 சதவீதம், பார்க்காத கூட்டத்தில் 12.3. எங்கள் பில்லில் படம் எடுத்த ஒயரின் விலை ஷாக்வேவ் பலூனைவிட நன்றாகக் குறைவு. அப்பாவுக்கு முதல் தடவையே அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அதனால் யாராவது வீட்டில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ ஸ்டென்ட் என்று போய் உட்கார்ந்திருந்தால், இரண்டு கேள்வி கேளுங்கள்: உள்ளே படம் பார்த்து வைப்பீர்களா, வைத்தபின் எத்தனை சதுர மில்லிமீட்டர் வந்தது. டாக்டர் முகம் சுளிக்கமாட்டார், சுளித்தாலும் பரவாயில்லை. படத்துக்காகச் சாயம் கொஞ்சம் கூடப் போகும், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஒலியால் பார்க்கிற ஐவஸ் என்ற இன்னொன்று இருக்கிறது, அதற்குக் கூடுதல் சாயம் வேண்டியதில்லை, அதையும் கேளுங்கள்.

இன்னொரு குறை, சின்னதுதான். அப்பாவின் படங்களை ஆஸ்பத்திரி ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தது. இந்தக் காலத்தில் சிடி! எங்கள் வீட்டில் சிடி போடுகிற கம்ப்யூட்டர் ஒன்றுகூட இல்லை. அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பிறையில் கடை கடையாகச் சுற்றினார், கடைசியில் பழைய போட்டோ கடை அண்ணனிடம் ஒரு டிரைவ் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் கடையை அரை மணி நேரம் சாத்திவைத்துப் பார்த்திருக்கிறார்கள். நான் வேலை முடிந்து கூப்பிடப் போனபோது அப்பா திரையில் விரலை வைத்து, “இதுதான் பாத்து, இது உடைஞ்ச பாத்து” என்று அண்ணனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார், அண்ணன் சட்டைக்கு மேல் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.